வெட்டியது அவர், நிரப்பியது நீங்கள்

கேள்வி: பந்தலூர் பக்கம் சரிவில் எங்கள் வீடு. 14 வருடம் முன் 10 அடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டி, மண் நிரப்பி முற்றம் எடுத்தோம். கீழ்வீட்டுக்காரர் கார் நிறுத்த வேண்டுமென்று மார்ச்சில் சுவரடியை ஒட்டி ஜேசிபி விட்டு 4 அடி வெட்டினார். ஜூன் மழையில் சுவர் வயிறு தள்ளி, முற்றமும் பிளந்துவிட்டது. கேட்டால் ஏசுகிறார். பாதைத் தகராறிலிருந்தே பகைதான். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: ஏச்சையும் பாதைத் தகராறையும் விடுங்கள். பக்கத்து மண் தாங்கி நிற்கும் உரிமையை ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் மேலுள்ள வசதியுரிமைச் சட்டம்), 1882, பிரிவு 7 தருகிறது. ஆனால் இயற்கை நிலையில் உள்ள நிலத்துக்கு மட்டும். நிரப்பிய மண்ணுக்கும் சுவருக்கும் அந்தத் தாங்கல் வேண்டுமென்றால் பிரிவு 15-ன்படி 20 வருட அனுபோகம் காட்ட வேண்டும். உங்களுக்கு 14தான். ஆகவே கேள்வி ஒன்றே: நிரப்பாத பழைய சரிவாக இருந்திருந்தாலும் இந்த வெட்டில் இடிந்திருக்குமா? பிளவு நிரப்பிய மண்ணோடு நின்று, அடியில் பழைய மண் அசையாமல் இருந்தால் வழக்கு பலவீனம்.

எதிர்த்தரப்பு அடுத்துத் தொடுவது உங்கள் சுவரை. அனுப்பிய படத்தில் மேற்பரப்பு முழுக்க சிமென்ட் பூச்சு, தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை. அடி அகலம் இரண்டரை அடி என்கிறீர்கள். காரை இல்லாத 10 அடிக் கல்கட்டுக்கு அடியில் ஏறக்குறைய 5 அடி வேண்டும். பின்னால் ஜல்லி நிரப்பாமல் களிமண்ணையே தள்ளியிருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி அழுத்தம் இரட்டிப்பாகும். வெட்டாமலே வயிறு தள்ளியிருக்கும் என்று அவருடைய இன்ஜினியர் சாட்சி சொல்வார். உண்மையில் இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கலாம். அஸ்திவாரம் 2 அடி ஆழம், வெட்டு 4 அடி ஆழம் என்றால் அவரும் தப்ப முடியாது.

கட்சிக்காரர்கள் அதிகம் விழும் குழி இது: பயத்தில் சுவரைப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். சான்று அதோடு போச்சு. வழக்கோடு சேர்த்தே வக்கீல் கமிஷனருக்கு (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) மனுப் போட்டு, இன்ஜினியரோடு வந்து அஸ்திவார ஆழம், அடி அகலம், வெட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரம், பிளவின் இடம் எல்லாம் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை பிளவைத் தார்ப்பாய் போட்டு மூடி, கூரைத்தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். கீழே ஆள் நடமாட வேண்டாமென்று எழுத்தில் எச்சரியுங்கள். சுவர் உங்களுடையது, ஆள்மேல் விழுந்தால் முதல் குற்றவாளி நீங்கள்தான்.

அனுமதி வாங்காமல் ஜேசிபி விட்டாரென்று ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஓடாதீர்கள். நீங்கள் மண் நிரப்பியபோது அனுமதி வாங்கினீர்களா? உங்கள் இடம் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம், 1969-ன் பிரிவு 17-ல் வரும், உரிமை தீராத நிலமாக இருந்தால், அவருடைய முதல் வாதமே ‘வாதிக்கு நிலமே இல்லை’ என்பதாக இருக்கும்.

என் யோசனை, சமரசம். அவர் வெட்டிய பள்ளத்தில் புதுச் சுவரின் அடி ஒன்றரை அடி அவர் பக்கம் இறங்கட்டும், செலவில் பாதி அவர் தரட்டும். அந்த ஒன்றரை அடிக்குப் பதிவுப் பத்திரம் வாங்குங்கள். வெள்ளைத்தாளில் எழுதியது அவர் இடத்தை விற்கும் நாளில் செல்லாது.