கணவர் விவசாயி, வருமானச் சான்று எதுவும் இல்லை. ஜீவனாம்சம் வாங்க முடியுமா?

முடியும். நான் வாங்குகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம்.

சம்பளச் சீட்டும் இல்லை, வருமான வரியும் கட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகப் பட்டா மாமனார் பேரில் இருக்கும். "பையன் பேர்ல ஒரு குழி நிலம் இல்லையே" என்று பஞ்சாயத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனால் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். என் வழக்கின் எதிர்மனுவில், மேட்டூர்த் தண்ணீர் வராமல் குறுவை போச்சு, சம்பாவை மழை அடித்துவிட்டது, கடன்தான் மிச்சம் என்று இருந்தது. படித்ததும் அழுதுவிட்டேன். ஏனென்றால் அந்த வருஷம் நாற்றங்காலில் இருந்து மூட்டை கட்டுவது வரை கணக்கு எழுதியவள் நான். நடவுக்கு எத்தனை ஆள், டீ வடைக்கு எவ்வளவு, அறுப்பு மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, வைக்கோல் எத்தனை கட்டு. ஒன்பது வருஷம் எழுதினேன். அதில் இரண்டு நோட்டு, நான் அம்மா வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் புத்தகப் பையோடு வந்துவிட்டன.

நோட்டு மட்டும் நிற்காது என்றார் வக்கீல் அம்மா. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் சிட்டா, அடங்கல் (நிலம் யார் பேரில், என்ன பயிர் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவுகள்) கொடுக்க வேண்டும், பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறும். அந்தக் கணக்கை வரவழைக்க மனு போட்டோம். நான் எழுதிய மூட்டைக்கும் அவர் கணக்கில் ஏறிய தொகைக்கும் வித்தியாசமே இல்லை. பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, உழுது விற்றவர் அவர்தானே.

2020 நவம்பரில் ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். இரண்டு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். விவசாயக் குடும்பத்துக்கென்றே தனிப் படிவம் உண்டு: நன்செயா புன்செயா, என்ன பயிர், என்ன வருமானம், ஆடு மாடு எத்தனை என்று கேட்கும். ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 144. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பாக்கி விழுந்தால், அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். "அறுப்பு முடியட்டும், தர்றேன்" என்றார், நம்பினேன். நாலு மாதப் பணம் போய்விட்டது.

புருஷனைக் கோர்ட்டில் நிறுத்தியவள் என்று இங்கேயும் சிலர் எழுதுவார்கள். எழுதட்டும். டெல்டாவில் வறட்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. என் அப்பாவும் அண்ணனும் விவசாயிகள்தான். போன தாளடியில் அப்பா கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுப் பதினோரு நாள் படுத்துக் கிடந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். காயவைக்க வெயில் இல்லை. தார்ப்பாய்க்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. அப்புறம் எடுத்தார்கள், அதுவும் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு. எழுபது வயது மனிதர். உழைத்தவனுக்கு இந்தக் கதி என்று எனக்கும் வயிறு எரிகிறது. நஷ்டம் வந்த வருஷத்தை நஷ்டம் என்றே என் நோட்டிலும் எழுதியிருக்கிறேன், கோர்ட்டிலும் அதை மறைக்கவில்லை.

உங்களிடம் நோட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உரக்கடை பில், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ரசீது, நகை அடமானச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். முதலில் நிலத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பட்டா விவரமும், வில்லங்க விவரமும் (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம்) வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம்.