நிறைக் கோடு ஏறாத பிள்ளைகள்: திருகோணமலையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்டக் கிராமங்களில், தாய்மாரையும் பிள்ளைகளையும் வீட்டிலும் கிளினிக்கிலும் பார்க்கிற குடும்பநல மாதுவாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கூலிக்கும் கடலுக்கும் போகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மூதூர்: மிஸ், மகனுக்கு ஒன்றரை வயது. மூன்று மாதமாக நிறை ஏறவில்லை. கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமாவைக் கொடுத்தும் பலன் இல்லை. மாமி நாவூறு, கண்பட்டிருக்கு என்கிறா.

நாவூறு என்றால் நூல் கட்டுங்கோ, நான் தடுக்கவில்லை. கட்டின கையோடு கிளினிக்குக்கும் வாங்கோ.

ஒன்று கேட்கிறேன். அந்தத் திரிபோஷவை வீட்டில் யார் யார் சாப்பிடுகிறீர்கள்? மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு என்பது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்ற கணக்கு. சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து வைத்தால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற அண்ணனும் அக்காவும் எடுத்தது போகச் சின்னவனுக்கு என்ன மிஞ்சும்? பசியோடு நிற்கிற பிள்ளைக்குக் கொடுக்காதே என்று எந்தத் தாயிடமும் நான் சொன்னதில்லை. காலையில் மூத்ததுகள் பள்ளிக்குப் போன பிறகு சின்னவனின் பங்கை ஊட்டிவிடுங்கோ. அவ்வளவுதான் வழி.

திரிபோஷ சோற்றுக்குப் பதில் அல்ல. இந்த வயதில் நாளுக்கு மூன்று, நான்கு தடவை சாப்பாடு வேண்டும், இடையில் ஒன்றிரண்டு தடவை ஏதாவது தின்னவும் வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது தாண்டியும் கொடுக்கலாம். உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கிற சூடை மீனை முள் எடுத்துப் பிசைந்து, பருப்பும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் கொடுங்கோ. வெறும் சொதியும் சோறும் வயிற்றை நிரப்புமே தவிர நிறையைக் கூட்டாது. பிளேன்ரீயும் பிஸ்கட்டும் அதைவிட மோசம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தேயிலை கெடுக்கும்.

18 மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கொரு தடவை பூச்சி மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கோ. இதற்கும் ஏறாவிட்டால் பிள்ளை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு கேளுங்கோ. சலத்தில் (சிறுநீரில்) கிருமி இருந்தாலும் நிறை ஏறாது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறைக் கோடு கீழே இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏறாமல் நேராகப் போனாலே கவனிக்க வேண்டும்.

நிலாவெளி: ஒரு தடுப்பூசி தவறிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எவ்வளவு பிந்தியிருந்தாலும் போங்கோ.

சம்பூர்: வெள்ளத்தில் பதிவேடு போய்விட்டது.

உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் பிறப்பும் தடுப்பூசியும் எழுதிய பதிவுப் புத்தகம் இருக்கும். அதைப் பார்த்துப் புதிதாக எழுதித் தருவா.

கிண்ணியா: அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்? 2017 டெங்குக்குப் பிறகு மனம் பதறுகிறது.

வஅலைக்கும் ஸலாம் தம்பி. அந்த வருஷம் கிண்ணியா பட்டது யாருக்குத்தான் மறக்கும். முதல் நாளே வைத்தியரிடம் காட்டுங்கோ, மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கோ. பனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான். காய்ச்சல் சட்டென்று குறையட்டும் என்று பார்மசியில் இபுபுரூபன், டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

ஏமாறுகிற இடம் காய்ச்சல் விடுகிற நேரம். சுகமாகிவிட்டது என்று நினைப்போம், பிள்ளைக்கு ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். வயிற்றுவலி, விடாத சத்தி (வாந்தி), கை கால் குளிர்ந்துபோதல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாதிருத்தல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆட்டோவுக்குக் காசு தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம்.

வெருகல், முன்பள்ளி ஆசிரியை: எல்லாம் இலவசம் என்றாலும் சில தாய்மார் கிளினிக் பக்கமே போகிறார்களில்லை. அக்கறை இல்லையா?

டீச்சர், அந்தச் சொல்லை விடுவோம். கிளினிக் நாளில் வயலுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பஸ் இரண்டுதான் ஓடும் என்றால் காலைப் பஸ்ஸை விட்டவளுக்கு முழு நாளும் போச்சு. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வரிசையில் நின்று தராசுக்குப் போனால், “என்ன, பிள்ளைக்குச் சாப்பாடு போடுறதில்லையோ?” என்று எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி. அடுத்த மாதம் அவள் எப்படி வருவாள்? கிளினிக்கில் இருக்கிற எங்கள் ஆட்களின் வாய்க்குப் பயந்து நின்ற தாய்மார், தூரத்துக்குப் பயந்தவர்களைவிடக் குறைவில்லை என்பது என் எண்ணம்.

கிளினிக் நாளுக்கு முதல் நாள், முன்பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போகத் தாய்மார் வரும்போது ஞாபகப்படுத்துங்கோ. அயலில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புங்கோ. ஆறு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் அது கடுமையான போசாக்கின்மை, அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் அன்றே மாதுவிடம் சொல்லுங்கோ. நாடா வைத்து அளக்க அவவே காட்டித் தருவா.

ரொறன்ரோ: அக்கா, நாங்கள் திருகோணமலை ஆட்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்மா அனுப்பலாமா, ஒரு மருத்துவ முகாம் வைக்கலாமா?

பால்மா வேண்டாம். கைக்குழந்தையின் தாய்க்கு டின் கொடுத்தால் அவளுடைய பால் குறையும். டின் முடிந்த பிறகு வாங்கக் காசிராது, பாதி மாவில் முழுப் போத்தல் கரைப்பாள். அதைக் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்காமல் கரைத்தால் வயிற்றோட்டம்.

முகாமும் எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை. ஒரு நாள் வந்து விற்றமின் குளிசையும் இருமல் பாணியும் கொடுத்துப் போட்டோ எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த கிழமை அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? நிறை ஏற மாதக்கணக்கில் ஒரே ஆள் பின்தொடர வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே ஊரில் இருக்கிறா, அவவுக்குக் கைகொடுங்கோ.

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில் பேசிவிட்டு, கிளினிக் நடக்கிற பொதுமண்டபத்தில் என்ன குறை என்று கேளுங்கோ. தண்ணீர்க் குழாய், மலசலகூடம், தாய்மார் பாலூட்ட ஒரு மறைப்பு, பெரும்பாலும் இப்படித்தான் பட்டியல் வரும். பிள்ளையை வாட்டில் வைத்திருக்கிற தாய்க்குச் சாப்பாட்டுக் காசும் பஸ் காசும் கொடுங்கோ. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை நினைத்து, பிள்ளை சுகமாகும் முன்னமே வாட்டிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டு போகிற தாய்மார் இருக்கிறார்கள்.

குச்சவெளி: வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி உப்புமாவைக் கோப்பை கோப்பையாகக் கரைக்கலாமா?

கூடாது. பைக்கற் முழுவதையும் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கோ, 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கோ. நாகக் (சிங்க்) குளிசையும் தந்தால், வயிற்றோட்டம் நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

புல்மோட்டை: மனைவி வேலைக்குப் போகிறா, நான் கடலால் வந்து சும்மாதான் இருப்பேன். நான் கொண்டுபோனால் நிறுப்பார்களா?

தாராளமாக. பதிவேட்டை மறக்காதீர்கள், நிறுக்கும்போது உடுப்பைக் கழற்றிவிடுங்கோ. புள்ளி போட்டதும் போன மாதத்துப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ.