இருவருக்கு நூறு வெள்ளி, ஒரு நாள் பினாங்கு: முகவர் எதற்கு?

கேள்வி: நானும் கணவரும் தைப்பிங்கிலிருந்து ஒரு நாள் பினாங்கு வருகிறோம். கணவர் தமிழ்நாட்டவர், பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார். சுவரோவியங்களுக்கு முன் வரிசை பிடித்துப் படம் எடுப்பதில் எங்களுக்கு ஆசையில்லை, பழைய இடங்களை நடந்து பார்க்க வேண்டும். ரயில் செலவு போக 100 வெள்ளிதான் (ரிங்கிட்) ஒதுக்க முடியும். ஒரு முகவர் ‘வேன், கைடு, நுழைவு எல்லாம் சேர்த்து’ இருவருக்கு 280 கேட்கிறார். கணவர் வெளிநாட்டவர் என்பதால் தனியாகப் போனால் எல்லா இடத்திலும் கூடுதலாகப் பிடுங்குவார்கள் என்கிறார். உண்மையா?

பதில்: இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியை விற்கிறார்கள்.

மலேசியாவில் பல சுற்றுலா வாசல்களில் இரட்டைக் கட்டணம் இருக்கிறது. நீல ஐசி (மலேசியரின் அடையாள அட்டை) காட்டினால் ஒரு விலை, பாஸ்போர்ட் காட்டினால் இன்னொரு விலை. பினாங்கு மலை ரயிலில் அந்த இன்னொரு விலை இரண்டு மடங்கையும் தாண்டும். ‘மனைவி மலேசியர்’ என்று வாதாடிப் பயனில்லை, கல்யாணப் பத்திரத்தை எடுத்து நீட்டினாலும் கவுண்ட்டரில் இருக்கிற பெண்ணுக்கு அதற்கென்று ஒரு பொத்தான் கிடையாது. முகவர் வந்தாலும் இந்த விலை குறையாது. அவர் அதே டிக்கெட்டை வாங்கித் தன் பங்கையும் மேலே வைத்துத்தான் தருவார். ஆகவே வாசலே இல்லாத இடங்களாகப் பார்த்து நடையை அமைத்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் நீங்கள் கேட்கும் பழைய இடங்களில் முக்கால்வாசி கோயில், பள்ளிவாசல், தர்கா, கல்லறைத் தோட்டம், படகுத்துறை. ஒன்றிலும் டிக்கெட் கிடையாது. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கப் போவதும் இல்லை.

முகவரின் ‘நுழைவு எல்லாம் சேர்த்து’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எந்த நுழைவு என்று பெயர் பெயராக எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பட்டியலில் பாதி இலவச இடங்களாகவே இருக்கும். மீதிப் பாதியில் சாக்லேட் கடை, கோப்பிப் பொடிக் கடை, ஜாதிக்காய்த் தைலக் கடை வரும். வேன் அங்கே ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் நிற்கும், கல்லறைத் தோட்டத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்காது. கடையில் நீங்கள் கொடுக்கும் காசில் ஓட்டுநருக்கு ஒரு பங்கு உண்டு, அதனால்தான் அந்த அரை மணி. கைடு வேண்டுமென்றால் சுற்றுலா அமைச்சின் உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியவரைப் பிடியுங்கள். நகரத்துக்கு உரியது நீல அட்டை, காட்டுக்கும் இயற்கைக்கும் பச்சை. அட்டையைக் கேட்டதும் சிரித்துப் பேச்சை மாற்றுகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இனி நாளைப் பார்ப்போம்.

தைப்பிங்கிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு கொமுட்டர் ரயில் போதும். இடிஎஸ் (விரைவு மின்ரயில்) வேகம்தான், ஆனால் அதற்கு இருக்கை முன்பதிவு வேண்டும், விலையும் கூடுதல். கொமுட்டரில் இருக்கை எண் கிடையாது, முந்தியவருக்கே இடம். காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் படகுத்துறையில் இருக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து முனையம் வழியாகக் கூரை போட்ட நடைபாதை போகிறது, பத்து நிமிட நடை. வழியில் ‘டாக்சி, டாக்சி, பினாங்கு, நேராகப் பாலம்’ என்று கை காட்டுவார்கள். தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

படகு ஆளுக்கு 2 வெள்ளி. ரொக்கம் வாங்கமாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டை, வங்கி அட்டை, இ-வாலட் இவைதான் செல்லும். காலங்காலமாகச் சில்லறை போட்டு ஏறிய படகு இது. இப்போது முதியவர்கள் ஐந்து வெள்ளி நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் திகைத்து நிற்கிறார்கள், ரயில் இறங்குமிடத்திலேயே பெரிதாக ஒரு பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கணவருக்குத் தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அட்டையை இருவருக்கும் தட்ட முயன்றால் பின்னால் வரிசை கத்தும். ரொக்கமும் வேண்டும். அங்காடிக் கடைகளில் பாதி, கழிப்பறை வாசலில் முப்பது ஐம்பது காசு வாங்குகிறவர், எல்லாம் இன்னும் சில்லறைதான்.

இறங்கும் இடம் வெல்ட் கீ. அங்கேயே இருக்கும் சீனக் குலப் படகுத்துறைகளுக்குக் காலையில் போகாதீர்கள். அவை கடல் மேல் கட்டிய வீடுகள், ஆட்கள் தூங்கி எழுகிற இடம். சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு நேராக லிட்டில் இந்தியாவுக்கு நடங்கள், பத்து நிமிடம். லெபு பாசார் என்ற தெரு அந்தக் காலத் தமிழர் பேச்சில் கடைத்தெரு. அங்கே தோசையும் தேயுமாக (தே என்றால் தேநீர்) பசியாறிக்கொள்ளுங்கள். பக்கத்து லெபு பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பலர் ஆளுக்கொரு பெட்டியும் கணக்குப் பலகையும் வைத்து வட்டிக்கடை நடத்திய வீடுகள். கணவருக்குக் காரைக்குடிப் பக்கம் தெரிந்திருந்தால் அந்த நீள வாக்கைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

பிறகு குயின் தெருவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1833. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். மதியத்துக்கு ஆடி அசைந்து போய் நின்றால் பூட்டிய கம்பிக் கதவைத்தான் கும்பிட வேண்டும்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நாகூர் தர்கா. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரை நினைத்து, 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. சிறியது. கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும், பேருந்தில் போனால் கண்ணில் படாமலே தாண்டிவிடும். ‘சூலியா’ என்றாலே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்தான். முதலில் இந்தத் தெருவுக்கு மலபார் தெரு என்று பெயர். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786க்குப் பிறகு போட்ட நகரத் திட்டத்தின் நான்கு எல்லைத் தெருக்களில் இதுவும் ஒன்று.

அடுத்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் தொடங்கியது, காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவரின் முயற்சி. இன்று நாம் பார்க்கும் குவிமாட உருவம் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத் திருத்தம். அவருடைய சமாதி கம்போங் கோலாம் பக்கம் தனியாக இருக்கிறது, எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், வாசலில் அங்கி இலவசமாகவே தருவார்கள். ‘அங்கிக்குக் காணிக்கை’ என்று வெளியே நின்று யாராவது கேட்டால் அவர் பள்ளிவாசல் ஆள் அல்லர். அன்றைக்கு நாலைந்து முறை செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், கயிறு கட்டும் காலணி வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பினாங்கிலும் பேராக்கிலும் வெள்ளி வேலைநாள், பக்கத்து மாநிலமான கெடாவில் விடுமுறை. அதனால் கெடாக் குடும்பங்கள் அன்று படகில் நிறைந்திருக்கும். ஜும்ஆ தொழுகைக்காகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை பள்ளிவாசலுக்குள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடமில்லை. தமிழ் முஸ்லிம் கடைகள் பலவும் அதே நேரத்தில் ஷட்டரை இறக்கிவிடும். அதாவது மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் நம்பிய கடை, பசிக்கிற நேரத்தில் பார்த்துப் பூட்டியிருக்கும். திறந்ததும் தொழுகை முடிந்த கூட்டம் மொத்தமும் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும். மாரியம்மன் கோயிலிலும் வெள்ளிதான் கூட்டம். வேறு நாளே கிடைக்கவில்லை என்றால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்: பள்ளிவாசலைப் பத்து மணிக்கே முடித்துவிட்டுக் கோயிலுக்கு வாருங்கள், மதியத்துக்கு வாழையிலைச் சைவச் சாப்பாடு, நாசி கண்டார் (தமிழ் முஸ்லிம் கடைகளின் சோறும் குழம்பும்) மூன்று மணிக்கு மேல். செவ்வாய், புதன், வியாழன் கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். சனி ஞாயிறில் நடக்கலாம், நெரிசல் மட்டும்தான் குறை.

நாசி கண்டாரில் ஒரே எச்சரிக்கை: விரலை நீட்டி ‘அது, இது, அதுவும்’ என்று சொல்லிக்கொண்டே போகாதீர்கள். சோறு, ஒரு கோழி, வெண்டைக்காய், மேலே எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றும் பஞ்சிர் வரை விலை அடக்கம்தான். பெரிய இறால், முட்டை வைத்த சோத்தோங் (கணவாய்), மீன்தலை மூன்றும் எடை பார்த்து, அளவு பார்த்துப் போடும் விலை. பலகையில் எழுதியிருக்காது. தட்டில் விழுந்த பிறகு கேட்டுப் பலனில்லை, கரண்டி தூக்கும்போதே ‘இது எவ்வளவு பாய்?’ என்று தமிழிலேயே கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டால் இருவரும் 28 வெள்ளிக்குள் எழுந்துவிடலாம்.

ஒரு மணியிலிருந்து மூன்று வரை நடக்க வேண்டாம். பினாங்கு நடை தோற்பது தூரத்தால் அல்ல. மொத்தமே ஆறேழு கிலோமீட்டர்தான். வெயிலும் நடைபாதையும்தான் ஆளைச் சாய்க்கிறவை. கடை முகப்பில் ஐந்தடி நடைபாதை என்று ஒன்று வைத்துக் கட்டினார்கள், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க. இன்று அதில் மோட்டார் சைக்கிள், சோபா, மீன் பெட்டி, படம் எடுப்பதற்கென்று ஒரு பழைய சைக்கிள். நாலு கடைக்கு ஒருமுறை சாலையில் இறங்கி ஏற வேண்டும், நடுவில் ஆழமான சாக்கடை. பாரம்பரிய நகரம் என்று 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியாயிற்று, நடக்கிறவனுக்கு அந்த ஐந்தடியை மீட்டுத்தர மாநகர் மன்றத்தால் இன்னும் முடியவில்லை. முட்டி வலி உள்ளவர்கள் படியைப் பார்த்துக் கால் வையுங்கள், கைப்பேசியைப் பார்த்து அல்ல.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு கேட் பேருந்து இருக்கிறது. வெல்ட் கீயிலிருந்து கொம்தார் கோபுரம் வரை நகருக்குள் சுற்றி வரும் இலவசப் பேருந்து. குளிர்சாதனம் உண்டு, பாஸ்போர்ட்டுக்கும் இலவசம். ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று போய் வாருங்கள். நேர அட்டவணையை நம்ப வேண்டாம், சில சமயம் அரை மணிக்கு ஒன்றும் வராது, பிறகு இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். கொம்தார் பக்கம் இறங்கினால் லெபு கெங் க்வீயில் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு. நின்றுகொண்டு குடித்தால் வரிசை சீக்கிரம் நகரும்.

மூன்றரைக்கு மேல் ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் உள்ள பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம். 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட் இங்கேதான் கிடக்கிறார். ஈழத்தலரி மரங்கள் தாழ்ந்து கிளை பரப்பி நிற்கும், கல்லின் மேல் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கும், ஊரிலேயே நிழல் மலிந்த இடம். எழுத்து தேய்ந்த கல்லைப் படிக்கத் தண்ணீர் ஊற்றித் துடைக்காதீர்கள், சாய்ந்து பாருங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் தானே தெரியும். கொசு உண்டு.

அங்கிருந்து கடலோரமாகத் திரும்பிப் பாடாங் கோத்தா லாமா வந்தால் நகர மண்டபங்கள் இரண்டையும் வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். பேச்சா (மூன்று சக்கர மிதிவண்டி) வண்டிக்காரர் கூப்பிடுவார். ஏறுவதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, ‘வண்டிக்கா, ஆளுக்கா? முழு மணியா, அரை மணியா?’ என்பது. விலை தெரிந்து ஏறி, இறங்கும்போது இரண்டால் பெருக்கிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

ஆறு மணி வாக்கில், காலையில் தள்ளிவைத்த சீனக் குலப் படகுத்துறைகள். சியூ துறையில் கடைகள் அதிகம், கூட்டமும் அதிகம். தான் துறையில் பலகை நடை கடலுக்குள் நீளமாகப் போகும், அங்கே போங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், திறந்த கதவுக்குள் படம் எடுக்காதீர்கள்.

பினாங்கு மலையையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். வரிசையோடு சேர்த்து அரை நாளை விழுங்கும், இரட்டைக் கட்டணமும் அங்கேதான். இரவு தங்கலாமா என்றால், வெளிநாட்டவர் எடுக்கும் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி, அது தனி. அறையை உங்கள் ஐசியில் பதிந்துகொள்வது வேறு கதை.

செலவுக் கணக்கு இப்படி ஒதுக்குங்கள்: படகு போக வர 8, பசியாற 12, தண்ணீருக்கும் ஐஸ் தேக்கும் 8, மதியம் 28, செண்டோல் 10, சாயங்காலம் வடையும் தேயும் 8, சில்லறை 6. மொத்தம் 80. மீதி 20 மழைக்கு. பிற்பகலில் திடீரென்று கொட்டினால் அந்தக் காசில் கிராப் (செயலிவழி வாடகைக் கார்) எடுத்துக்கொள்ளுங்கள், மழை தொடங்கிய பிறகு விலை ஏறும், மேகம் கறுத்ததுமே கூப்பிட்டுவிடுங்கள்.

திரும்பும் படகை ஏழு மணியை ஒட்டி வைத்துக்கொண்டால் சூரியன் தீவுக்குப் பின்னால் இறங்குவதைக் கடல் நடுவிலிருந்து பார்க்கலாம். இதையே ‘சூரிய அஸ்தமனப் பயணம்’ என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். படகின் பின்பக்கம் நில்லுங்கள், ஊர் அந்தப் பக்கம்தான் தெரியும். தைப்பிங்குக்குக் கடைசி கொமுட்டர் எப்போது என்று காலையிலேயே பட்டர்வொர்த் நிலையப் பலகையில் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்திய வண்டிக்கே கணக்குப் போடுங்கள். கடைசி வண்டியைத் தவறவிட்டவர்களுக்காகவே நிலைய வாசலில் சிலர் காரோடு காத்திருப்பார்கள், அந்த நேரத்தில் அவர்கள் சொல்வதுதான் விலை.