கிளிப் பாதையில் விழுந்த வெயில்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் லீபர்மான் 1902-ல் வரைந்த 'கிளிப் பாதை' ஓவியத்தை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஆம்ஸ்டர்டாம் உயிரியல் பூங்கா, வரிசையாகக் கிளிகள், வெளிர் உடையில் பெண்கள், தரையெல்லாம் வெயில் பொட்டுகள். பார்த்ததும் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார்தான் நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் செய்து முடித்ததை இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு ஜெர்மானியர் திரும்பச் செய்ததில் என்ன இருக்கிறது? லீபர்மான் பிரெஞ்சு ஓவியர் மானேயின் ஓவியங்களைச் சேகரித்தவராமே, அதுதான் காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரெனுவார் நினைவுக்கு வந்ததில் தவறில்லை. 1876-ல் அவர் வரைந்த மூலன் த லா காலெத் என்ற பாரிஸ் கேளிக்கைத் தோட்டத்தின் நடனக் காட்சியில் முதுகிலும் தொப்பியிலும் இதே மாதிரி வெயில் சிந்திக் கிடக்கும். ஆனால் லீபர்மானுக்கு இந்த வெயில் கிடைத்த ஊர் பாரிஸ் இல்லை.

1873-லிருந்து சில வருடங்கள் அவர் பாரிஸில்தான் இருந்தார். ரெனுவார் போல, கணத்தில் மாறும் ஒளியை வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி 1874-ல் அதே ஊரில் நடந்தது. அந்தக் காலத்து அவர் ஓவியங்களில் அதன் சுவடே கிடையாது. மனம் முழுக்க உழவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மியேயிடம், வயலில் குனிந்து வேலை செய்பவர்களிடம் இருந்தது. அப்புறம் ஹாலந்து. ஹார்லெமில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் ஓவியங்களை நகலெடுத்துப் பழகினார். 1880-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. கறுப்பு உடையில் கிழவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், இலைகளின் ஊடே வெயில் இறங்குகிறது. அவ்வளவுதான் காட்சி. 'லீபர்மானின் வெயில் பொட்டுகள்' என்று பிற்பாடு பேர் வாங்கியது அங்கேதான் தொடங்கியது.

மரத்தடியில் வெயில் வட்ட வட்டமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இலைச் சந்து கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். கிரகணத்தன்று அத்தனையும் பிறையாகிவிடும். ரெனுவார் நிழலை நீலமாக்கி வெயிலை அதில் கரைத்துவிடுவார். உடை எது, தரை எது என்று பிரிக்க முடியாது. லீபர்மான் கரைப்பதில்லை. கிழவரின் கறுப்புக் கோட்டு கறுப்பாகவே இருக்கும், அதன் மேல் வெயில் அப்பினாற்போல் உட்கார்ந்திருக்கும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. ஆளையும் இழக்காமல் ஒளியையும் விடாமல் வைத்திருக்கிறார். கிளிப் பாதையிலும் அடர்ந்த சிவப்பையும் நீலத்தையும் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டு, மண்ணை மண்ணாகவே விட்டிருக்கிறார்.

மானே விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 1890-களிலிருந்தே லீபர்மான் பிரெஞ்சு ஓவியங்களை வாங்க ஆரம்பித்துவிட்டார். மானே வரைந்த அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறிக் கட்டின் ஓவியம் அவரிடம் இருந்தது, இப்போது கொலோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேடிப் பாருங்கள். அதில் மரமும் இல்லை, வெயிலும் இல்லை. வெளுத்த தண்டுகள், ஒவ்வொன்றும் தயங்காத ஒரு தூரிகை இழுப்பு. மானேயிடம் அவர் எடுத்துக்கொண்டது அந்தக் கை வேகத்தைத்தான். கிளிப் பாதைப் பெண்களின் பாவாடை மடிப்புகளில் அதே இழுப்பு தெரியும்.