பூட்டிய பள்ளிகள்

கேள்வி: அமெரிக்காவில் 1954-ல் வந்த ஒரே தீர்ப்பு கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. நீதிமன்றம் இருக்கும்போது தெருவில் இறங்கிப் போராடுவானேன்?

பதில்: அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற இனப் பிரிவினை செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது பிரவுன் வழக்கில். அது ஐந்து வழக்குகளின் தொகுப்பு. அதில் ஒன்றைத் தொடங்கிவைத்தவர்கள், வெர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் பள்ளியைப் புறக்கணித்து வெளியேறிய பிள்ளைகள்.

அங்கே கறுப்பினத்தவருக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்களோ 450 பேருக்கு மேல். இடம் போதாமல் தார் காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை வந்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் வெந்துபோவார். தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்றாமல் பாடம் படிப்பார். 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரைப் பொய்த் தொலைபேசி அழைப்பால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டினார் பார்பரா ஜான்ஸ். வயது 16. அத்தனை பேரும் அவர் பின்னால் வெளியேறினார்கள். முதலில் கேட்டது நல்ல பள்ளிக்கூடம்தான். வழக்கறிஞர்கள் வந்த பிறகுதான் அது இனப் பிரிவினையையே எதிர்க்கும் வழக்கானது.

சரி, தீர்ப்பும் வந்தது. கதவு திறந்ததா? 1955-ல் அதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம் கெடு எதுவும் வைக்கவில்லை. வெர்ஜீனியா அரசியல்வாதிகளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), 1959-ல் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்து அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. கறுப்பினப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்கிற வன்மம் அது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. பிறகு அதன் கட்டணத்துக்குப் பொதுப்பணத்திலிருந்தே உதவித்தொகையும் கொடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். சிலருக்குத் தேவாலயங்களில் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவுமே இல்லை. 1963-ல் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் திறக்கும்வரை நான்கு ஆண்டுகள் இதுதான் நிலை. ஆறு வயதில் சேர வேண்டிய பிள்ளை பத்து வயதில் அகரம் தொடங்கியது.

இந்த மூடலையும் விடாமல் எதிர்த்தவர்கள் உள்ளூர் மக்கள்தான். பாதிரியார் ஃபிரான்சிஸ் கிரிஃபின் தன் பிள்ளைகளையே வாதிகளாக்கினார். அந்த வழக்கில்தான் 1964 மே மாதம் பள்ளிகளைத் திறக்க உச்ச நீதிமன்றம் வழி செய்தது. அப்புறமும் அங்கே வந்து சேர்ந்த வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.