ஏசிஎல் கிழிந்த முட்டி: வலி போனதும் ஆடலாமா?

கேள்வி: வயது 34. வலது கையால் ஷட்டில் ஆடுகிறேன், வாரம் மூன்று நாள். ஆறு வாரத்துக்கு முன் பின்னால் நகர்ந்து எம்பி அடித்துவிட்டு இடது காலில் இறங்கியபோது முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் நன்றாக வீங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வு) முழுக் கிழிசல், மெனிஸ்கஸில் (முட்டி எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் பிறை வடிவத் தட்டு) சிறு கிழிசல் என்று வந்திருக்கிறது. இப்போது வலி இல்லை, நன்றாக நடக்கிறேன். படி இறங்கும்போது மட்டும் சில சமயம் முட்டி மடங்கிவிடுகிறது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார், வீட்டில் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார்கள். எது சரி? மறுபடி எப்போது ஆடலாம்?

பதில்: வலி போனதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏசிஎல் கிழிந்தாலும் சில வாரங்களில் வலி அடங்கிவிடும். நேராக நடப்பதற்கு அந்த ஜவ்வு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. சட்டென்று திரும்பும்போதும் ஒற்றைக் காலில் இறங்கும்போதும் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. ஷட்டில் முழுக்க அந்த அசைவுகள்தான். வலது கை ஆட்டக்காரர் பேக்ஹேண்ட் மூலைக்குப் பின்வாங்கி, தலைக்கு மேல் அடித்து, இடது காலில் இறங்கும்போது இந்தக் காயம் படுவது அடிக்கடி நடக்கிறது.

ஆபரேஷனுக்கு இன்றே தேதி குறிக்க வேண்டுமா என்பதை மெனிஸ்கஸ்தான் சொல்லும். முட்டி ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் கிழிந்த துண்டு இடுக்கில் சிக்கியிருக்கலாம்; அதற்குக் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு அப்படி இல்லை. ஆனாலும் சர்ஜனிடம், “இது தைக்க வேண்டிய கிழிசலா, விட்டுவிடக்கூடியதா?” என்று நேராகக் கேளுங்கள். தைக்க வேண்டியது என்றால் தள்ளிப்போடாதீர்கள். விட்டுவிடலாம் என்றால் மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்த பிறகு முடிவெடுக்கலாம். ஸ்வீடனில் 121 பேரிடம் நடத்திய ஆய்வில், பயிற்சியோடு தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகள் கழித்தும் ஏசிஎல் ஆபரேஷன் தேவைப்படவில்லை.

முட்டி எப்படி மடங்குகிறது என்று கவனியுங்கள். படி இறங்கும்போது நேராக முன்னால் மடங்கினால் பெரும்பாலும் தொடைத் தசையின் பலவீனம்தான். முட்டி வீங்கியதுமே மூளை அந்தத் தசையை அணைத்து வைத்துவிடும். இதைப் பயிற்சியால் மீட்கலாம். திரும்பும்போது எலும்பு நழுவுகிற மாதிரி விலகினால் அது ஜவ்வு இல்லாததன் அடையாளம். அப்படி விலகும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் தேயும். பயிற்சிக்குப் பிறகும் அது தொடர்ந்தாலோ, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியே தீருவேன் என்றாலோ, ஆபரேஷன் நியாயமான முடிவு.

கட்டுப் போடாதீர்கள். ஆறு வாரம் கழித்து முட்டியை அசையாமல் இறுக்கி வைத்தால் கிழிந்த ஜவ்வு ஒட்டப் போவதில்லை; மூட்டு இறுகும், இருக்கிற தசையும் வற்றும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் வேண்டாம்.

முதல் வேலை முட்டியை முழுதாக நீட்டுவது. படுக்கையில் கால் நீட்டி, குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டு வைத்து, முட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் 10 நிமிடம் தொங்கவிடுங்கள், நாளுக்கு மூன்று முறை. சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முட்டி லேசாக மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அளந்து பார்க்கவும் வழி உண்டு. கட்டில் விளிம்பில் குப்புறப் படுத்து இரண்டு கீழ்க்கால்களையும் வெளியே நீட்டுங்கள். ஒரு குதிகால் மற்றதைவிட 3 சென்டிமீட்டர் உயரமாக நின்றால் சுமார் 3 டிகிரி பாக்கி. அது சரியாகும்வரை கனமான பயிற்சிக்கும் போக வேண்டாம், ஆபரேஷனுக்கும் அவசரப்பட வேண்டாம். நீளாத முட்டியில் ஆபரேஷன் செய்தால் பிறகு அது இறுகிப்போகும் ஆபத்து அதிகம்.

கூடவே, கால் நீட்டி உட்கார்ந்து தொடையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள், 10 முறை. முட்டிச்சில்லு தொடைப் பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிறகு காலைத் தூக்குங்கள். தூக்கும்போது முட்டி துளியும் தொய்யக் கூடாது.

அது வந்ததும் பளு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, லெக் பிரஸ் (ஜிம் எந்திரத்தில் காலால் பளுவைத் தள்ளுவது), ஹாம்ஸ்ட்ரிங் கர்ல் (பின்தொடைத் தசைக்காகப் பளுவோடு முட்டியை மடக்குவது), 20 சென்டிமீட்டர் படியிலிருந்து மெதுவாக இறங்குவது. முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று செட், வாரம் மூன்று நாள். கடைசி இரண்டு தடவை திணற வேண்டும்; திணறாத பளுவால் தசை வளராது. கண்ணாடி முன் செய்யுங்கள், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது.

மறுநாள் காலை முட்டிச்சில்லின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலே தடவிவிட்டு, வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே தடவுங்கள். உள்பக்கத்தில் நீர் மெல்லத் திரும்பி வந்தால் நேற்றைய அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள். முட்டிச்சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடைகளையும் தையல் டேப்பால் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். இந்தக் காலத்தில் பைக்கில் இடது காலை ஊன்றிக்கொண்டு வண்டியைத் திருப்பாதீர்கள். பாதம் தரையில் நிலைத்து உடல் திரும்புவதுதான் முட்டியை விலக்கும் அசைவு.

ஆபரேஷன் செய்தாலும் இதே பாதைதான், பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் புதிதாக வைத்த தசைநார் 6 முதல் 12 வாரத்துக்குள் மிகப் பலவீனமாக இருக்கும், புது ரத்த ஓட்டம் அமைகிற காலம் அது. வலி விட்டுப்போய் நம்பிக்கை வருவதும் அதே வாரங்களில்தான் என்பதால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆபரேஷன் செய்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் கோர்ட்டில் இறங்கக் கூடாது. செய்யாதவர்களுக்கும் நாள் கணக்கு மட்டும் போதாது: வீக்கம் இல்லை, தொடை பலமும் ஒற்றைக் கால் தாவலின் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதத்துக்கு மேல், திரும்பும்போது ஒருமுறைகூட முட்டி விலகவில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் அனுமதி. அதன்பிறகு இறகுப் பந்து இல்லாமல் கால் நகர்வு மட்டும் இரண்டு வாரம், அடுத்து அரைக் கோர்ட், பிறகு டபுள்ஸ், கடைசியில் சிங்கிள்ஸ். பின்மூலைக்குப் போய் எம்பி அடிப்பதை எல்லாவற்றுக்கும் பிறகு சேருங்கள், இரண்டு காலிலும் முட்டி மடக்கி இறங்கப் பழகிக்கொண்டு.