மகள் அந்த நகரத்துக்குப் போகட்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தை இருமுறை படித்தேன். நகரத்தின் பெயர் பதினோரு இடங்களில் வருகிறது. மகள் அங்கே போய் என்ன வேலை செய்யப்போகிறாள் என்பது ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள்: (அனிமேஷன் படித்திருக்கிறாள்). உங்கள் பயம் முழுக்க ஊரைப் பற்றியது. அவள் உங்களிடம் சொன்ன ஆசையும் ஊரைப் பற்றியதாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். சுவரோவியங்கள், சின்னச் சின்ன அரங்குகள், நள்ளிரவு வரை விளக்கெரியும் தெருக்கள், "எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்" என்ற பேச்சு. சண்டை உங்கள் இருவருக்கும் நடுவில் என்றாலும், இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் பக்கம் பேசிவிடுகிறேன். அவளுடைய ஆசை அசட்டுத்தனம் இல்லை. ஒரு தொழில் ஓரிடத்தில் கூடிவிட்டால் அதன் நுணுக்கங்கள் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும், பிள்ளைகள்கூடத் தம்மை அறியாமல் கற்றுக்கொள்வார்கள் என்ற பொருள்பட ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதிவிட்டார். அனிமேஷனுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு படமோ தொடரோ முடிந்ததும் குழு கலைந்துவிடும். எட்டு மாதம், பத்து மாதம் என்றுதான் ஒப்பந்தங்களே இருக்கும். ஒரே ஸ்டூடியோ உள்ள ஊரில் ஒப்பந்தம் முடிந்தால் வேலை போயிற்று. முப்பது ஸ்டூடியோ உள்ள ஊரில் காலையில் ஏறும் பஸ் மாறும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் மூலமாக வேலை பெற்றவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். பெரும்பாலோர் எப்போதாவது அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவரைத்தான் சொன்னார்கள். நெருங்கிய தோழிக்குத் தெரிந்த செய்தி நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு பயிலரங்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் நமக்குத் தெரியாத இடம் தெரியும். அப்படிப்பட்ட பக்கத்து நாற்காலிகள் சில ஊர்களில் அதிகம். அதற்காக ஒருத்தி ஊர் மாற நினைத்தால் நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் அந்த நாற்காலிகள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதை ஊரின் புகழ் சொல்வதில்லை. அயர்லாந்தில் கில்கென்னி என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் பலமுறை இடம்பெற்ற கார்ட்டூன் சலூன் என்ற அனிமேஷன் ஸ்டூடியோ 1999 முதல் அங்கேதான் இயங்குகிறது. பிரான்சின் அங்குலேம் நாற்பதாயிரம் பேர் வாழும் ஊர். 1974 முதல் அங்கே சித்திரக்கதைத் திருவிழா நடக்கிறது, அதைச் சுற்றிப் பள்ளிகளும் அனிமேஷன் ஸ்டூடியோக்களும் வளர்ந்துவிட்டன. இளைஞர்கள் கனவு காணும் ஊர்களின் பட்டியலில் இவை இரண்டும் வருவது அபூர்வம். கனடாவின் வான்கூவரில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்கள் குவிந்திருப்பதற்கு மலையும் கடலும் காரணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மாகாண அரசு தரும் வரிச்சலுகை பெரிய காரணம். சலுகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வேலையும் சாயும். இசைக்குப் பெயர்பெற்ற நகரம் இசைக்கலைஞனுக்கு நல்லது. படத்தின் காட்சிகளை முன்கூட்டியே வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டு வரைகிற உங்கள் மகளுக்கு அங்கே மாலைப்பொழுது நன்றாகப் போகும். பகலில் அவள் என்ன செய்வாள்?

புகழைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் பெர்லின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1989இல் சுவர் விழுந்தது. நகரத்தின் கிழக்குப் பகுதியில் யாரும் கேட்பாரற்ற கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வணிக வளாகத்துக்குள் 1990இல் கலைஞர்கள் நுழைந்து தங்கினார்கள். தாகலஸ் என்று பெயர் வைத்தார்கள். ஓவியக்கூடம், அரங்கம், பட்டறை எல்லாம் அதற்குள்ளேயே. அவர்களை அங்கே இழுத்தது வெற்றிடமும் மலிவும்தான். 2003இல் அப்போதைய மேயர் கிளாவ்ஸ் வோவரைட் தன் நகரத்தை "ஏழை, ஆனால் கவர்ச்சியானது" என்று சொன்னது உலகமெங்கும் பரவிற்று. பிறகு நடந்தது உங்களுக்கே புரியும். புகழைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள், ஆட்களைப் பார்த்துப் பணம் வந்தது, பணத்தைப் பார்த்து வாடகை ஏறிற்று. 2012இல் தாகலஸ் காலிசெய்யப்பட்டது. 2020இல் நகர அரசு வாடகைக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் போட்டது; அடுத்த ஆண்டு ஏப்ரலில், அப்படிச் சட்டமியற்றும் அதிகாரம் நகர அரசுக்கு இல்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஒரு ஊர் "கலைஞர்களின் நகரம்" என்ற பட்டத்தோடு நம் காதுக்கு வந்து சேரும்போது, அந்தப் பட்டத்தை வாங்கித்தந்த மலிவு அங்கிருந்து கிளம்பிப் போயிருக்கும். நியூயார்க்கின் சோஹோவிலும் இதுதான் நடந்தது: பழைய தொழிற்கூடங்களில் கலைஞர்கள் குடியிருக்கலாம் என்று 1971இல் அனுமதித்தார்கள், இன்று அதே தெருக்களில் ஆடம்பரக் கடைகள். படைப்பாளிகள் கூடுகிற நகரங்களே முன்னேறும் என்று 2002இல் எழுதி, உலகெங்கும் மேயர்களை மயக்கிய ரிச்சர்ட் ஃபுளோரிடாவே 2017இல் அதே நகரங்களின் ஏற்றத்தாழ்வையும் வீட்டு விலையையும் பற்றிக் கவலைப்பட்டு இன்னொரு நூல் எழுத வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் மகளிடம் பாடமாக ஒப்பிக்காதீர்கள். காதில் விழாது. அவள் மனதில் இருக்கும் படம் வேறு. அந்தப் படத்தைப் பற்றி 1998இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் படிக்கும் மாணவர்களிடமும், குளிர் கடுமையாக உள்ள அமெரிக்க மத்தியமேற்குப் பகுதி மாணவர்களிடமும் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடுதான் இருந்தது. ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் எங்கே அதிகத் திருப்தியாக இருப்பார் என்று கேட்டபோது இரண்டு கூட்டமுமே கலிஃபோர்னியாவைக் காட்டியது. தூரத்திலிருந்து ஒரு ஊரை நினைக்கும்போது வெயிலும் கடற்கரையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. போய்ச் சேர்ந்தபின் துணி துவைக்கும் ஞாயிற்றுக்கிழமையும், பதில் வராத மின்னஞ்சலும், கதவைச் சரியாகச் சாத்தாத அறைத்தோழியும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஆலோசனை கேட்டு என் மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. ஐந்து வருடம் கழித்து யாருடைய வேலையில் இருக்க ஆசைப்படுகிறாயோ, அப்படிப் பத்துப் பேரைத் தேடி எழுது என்பேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டம்: இப்போது எந்த ஊர், அங்கே எந்த ஆண்டு போனார், போகும்போது கையில் வேலை இருந்ததா, அதற்கு முன் எங்கே இருந்தார். பிரபலங்கள் கூடாது, அவள் வயதைவிட ஐந்தாறு வயது மூத்தவர்கள், பெயர் படத்தின் கடைசியில் சிறிய எழுத்தில் ஓடுகிறவர்கள்.

போன ஆண்டு வந்த ஒரு மாணவன் அந்தத் தாளை நிரப்ப மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். நீல மையில் தொடங்கி, நடுவில் பென்சிலுக்கு மாறியிருந்தான். பத்துப் பேரில் ஏழு பேர் அவன் ஆசைப்பட்ட நகரத்தில் இருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெற்றிக்களை. மூன்றாவது கட்டத்தைப் படிக்கச் சொன்னேன். "ஆம், ஆம், ஆம்" என்று படித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். ஏழு பேரில் ஆறு பேர் வேலை உறுதியான பிறகு போனவர்கள். அந்த ஆறு பேரும் அதற்கு முன், யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஊர்களில் இரண்டு மூன்று வருடம் விளம்பரப் படங்களுக்கும் பாடப் படங்களுக்கும் வரைந்திருந்தார்கள். ஏழாவது ஆள் போய் இறங்கியபின் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவர், அவருடைய அத்தை வீட்டு மாடி அறையில். பையன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இருக்கவும் இல்லை.

இனி பணம். வருமானத்தில் முப்பது சதவீதத்துக்குமேல் வாடகை போகக்கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருக்கும் ஏழைகளிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்பதற்கு 1969இல் கால்பங்கு என்று வரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 சதவீதமாக உயர்த்தினார்கள். அதுவே ஊர்ப் பழமொழியாகிவிட்டது. மாதாமாதம் சம்பளம் வருகிறவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு உதவும். ஃப்ரீலான்ஸ் செய்யப்போகிற பெண்ணுக்குச் சராசரி வருமானத்தை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் பொய். வேலையே வராத மூன்று மாதத்தை முதலில் எழுத வேண்டும். வேலை முடித்துக்கொடுத்தபின் பணம் கைக்கு வர ஆகும் இரண்டு மாதத்தை அதோடு சேர்க்க வேண்டும். கையிருப்பிலிருந்து வீட்டு முன்பணத்தையும் திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு மாதச் செலவால் வகுக்கட்டும். விடை ஐந்துக்குக் கீழே வந்தால் அவள் இன்னும் கிளம்பத் தயாராகவில்லை. ஊர் நல்ல ஊரா கெட்ட ஊரா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஐந்துக்கு மேல் வந்தால், ஒரேயடியாகப் பெட்டி கட்டாமல் ஆறு வாரம் போய் இருந்து பார்க்கட்டும். திருவிழாக் காலத்தில் வேண்டாம், அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில். புகைப்படங்களில் வரும் தெருவில் தங்கவேண்டாம். அவள் போட்ட கணக்குப்படி எந்தப் பகுதியில் அறை கிடைக்குமோ அங்கே. திங்கட்கிழமை காலை அங்கிருந்து ஸ்டூடியோக்கள் இருக்கும் பகுதிக்குப் போய்த் திரும்பட்டும். அந்த ஆறு வாரத்தில் தன் துறையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரையாவது நேரில் பார்த்து, தன் வேலைகளைத் தொகுத்த ஷோரீல் காணொளியைக் காட்ட வேண்டும். அதைச் செய்யக் கூச்சப்படுகிறவளுக்கு அங்கே போவதால் கிடைக்கும் பயனில் பாதி போய்விடும். கூச்சத்தை எந்த ஊரும் போக்காது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பத்து வருட அனுபவம் உள்ளவர் கேட்டால் தயங்காமல் சரி என்பேன். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு எனக்கு அவ்வளவு துணிவு இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை வைத்து மூன்று பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், குழுவோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவர்கள் வேலைமீது அதிகக் கருத்துரைகள் கிடைத்தது தெரியவந்தது. இளையவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பயன் இன்னும் அதிகம். வரைகலையிலும் அப்படித்தான் என்று என் அனுபவம் சொல்கிறது. முதுகுக்குப் பின்னால் நடந்துபோகிற ஒருவர் நின்று, "அந்தக் கை ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது?" என்று கேட்பதை வீடியோ அழைப்பில் வாங்க முடியாது. அதனால் பிரபலமான நகரம் கைகூடாவிட்டாலும், பக்கத்தில் நாலு மூத்தவர்கள் உட்காரும் அறை எந்த ஊரில் கிடைத்தாலும் அவள் போகலாம். என்னிடம் கேட்டால் அதற்குத்தான் முதலிடம்.

கடைசியாக உங்களுக்கு. "தோற்றுத் திரும்பி வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அவளிடம் சொல்லியிருந்தால், அதற்கு அஞ்சியே அவள் வேலையில்லாத மாதங்களை உங்களிடம் மறைப்பாள். எத்தனை மாதம் பணம் அனுப்ப முடியும் என்பதை இப்போதே வெளிப்படையாகச் சொல்லுங்கள், அந்த மாதம் வந்ததும் நிறுத்துங்கள். தினமும் தொலைபேசியில் வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

உங்கள் பக்கம் நிறையப் பேசிவிட்டதால் எதிர்ப்பக்கச் சாட்சி ஒன்றையும் வைத்துவிடுகிறேன். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், பெரிய முடிவு ஒன்றில் தத்தளித்துக்கொண்டிருந்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்ட வைத்தார். மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்ததாகச் சொன்னார்கள். தாமே விரும்பி வந்து நாணயம் சுண்டியவர்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்படியும் அந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என்னிடம் வருகிறவர்களில், போய்விட்டு வருந்தியவர்களைவிடப் போகாமல் வருந்துகிறவர்களே நெடுநாள் வருந்துகிறார்கள்.

அடுத்த வாரம் மகளை அழைத்து வாருங்கள். பத்துப் பெயர் எழுதிய தாளும் பணக் கணக்கும் அவள் கையெழுத்திலேயே இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும். படிக்க ஏதாவது எடுத்து வாருங்கள்.